நாட்கூலிக்கு விடப்பட்ட நகரம்

'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் 'வீடு'. அலைச்சலையும் உழைப்பின் களைப்பையும் விட்டு மாந்தன் இளைப்பாறும் இடம் என்பது அதன் பொருள். இன்றோ, பிறர் வந்து இளைப்பாறுதற்பொருட்டு, உரியவன் தன் வீட்டை விட்டு அலையும் நிலை உலகப் பெருநகர்கள் பலவற்றில் நேர்ந்திருக்கின்றது. எசுப்பானிய நாட்டிற்குட்பட்ட காத்தலோனியாவின் தலைநகராகிய பார்சிலோனா அதற்குக் கண்கூடான சான்று.

1992ஆம் ஆண்டு ஒலிம்பிக்கு விளையாட்டுகள் அந்நகரில் நடந்தபின், உலகின் பார்வை அதன்மேற் படிந்தது. சுற்றுலாச் செல்வோர் ஆண்டுதோறும் பெருகினர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோவில் ஏர்பிஎன்பி என்னும் இணையவழி நிறுவனம் தோன்றிற்று. குடியிருக்கும் வீட்டில் மிகுந்திருக்கும் அறையை வழிப்போக்கருக்கு விட்டுச் சிறு வருவாய் தேடிக்கொள்ளுதல் என்பதே அதன் தொடக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், யாருமே குடியிராத மனைகளை இதற்கென்றே விலைக்கு வாங்கி, ஒருவரே ஐந்தும் பத்துமாக நாட்கூலிக்கு விடும் வணிகம் அதன் பின்னே வளர்ந்தது. அங்கேதான் கேடு புகுந்தது.

அவ்வணிகத்தின் கணக்கு எளியது. திங்களுக்கு 1,000 யூரோ குடிக்கூலி தரும் ஒரு மனையை, இரவொன்றுக்கு 120 யூரோவாக இருபது இரவுகளுக்கு விட்டால் 2,400 யூரோ வரும் என்று கொள்க. இந்த ஒற்றை எண்ணைக் காட்டியே தரகர்கள் முதலீட்டாளரை அழைக்கின்றனர். இணையத்தளத்தின் தரகு, துப்புரவுக் கூலி, விரிப்பு வெளுக்கும் செலவு, மின்கட்டணம், வரி, நடத்தித் தருவோர் எடுத்துக்கொள்ளும் பங்கு ஆகியவற்றை அவர்கள் மெல்லத்தான் சொல்வர். 2020இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவிப் பயணங்கள் நின்றபோது இம்மனைகள் வெறுமையாய்க் கிடந்தன. வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கவில்லை. ஆயினும், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடர் ஒன்று அக்கணக்கில் எழுதப்படவே இல்லை. அண்டையில் வாழும் மக்களின் பொறுமையே அது.

அப்பொறுமை முதலில் முறிந்த இடம் பார்சலோனெத்தா. பதினெட்டாம் நூற்றாண்டில் மீனவர்க்கும் கடல்தொழிலாளர்க்கும் அமைக்கப்பட்ட கடற்கரைக் குடியிருப்பு அது. சின்னஞ்சிறு மனைகள், நெருங்கிய தெருக்கள். அங்கே வழிப்போக்கரின் நள்ளிரவுக் கூச்சலும் குடிவெறியும் தாங்காமல் 2014ஆம் ஆண்டுக் கோடையில் மக்கள் தெருவில் திரண்டனர். அவ்வாண்டே நகராட்சி புதிய உரிமங்கள் வழங்குவதை நிறுத்திவைத்தது. 2016இல், உரிமமற்ற மனைகளை விளம்பரப்படுத்தியமைக்காக ஏர்பிஎன்பி உள்ளிட்ட இரு நிறுவனங்களுக்குத் தலைக்கு 6,00,000 யூரோ தண்டம் விதித்தது. ஆனால் உரிமம் அரிதாகவே, உரிமம் பெற்ற மனையின் விலை ஏறிற்று. செங்கலுக்கும் மண்ணுக்குமன்றி, ஒரு தாளுக்காகவும் முதலீட்டாளர் பணம் கொட்டினர்.

அத்தாளின் காலம் இப்பொழுது எண்ணப்படுகின்றது. 2023 நவம்பரில் காத்தலோனிய அரசு, வீட்டு நெருக்கடி மிகுந்த 262 ஊர்களில் இத்தகைய உரிமம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்றும், ஊராட்சியின் திட்டம் இடந்தந்தாலன்றி அது புதுப்பிக்கப்படாது என்றும் ஆணை பிறப்பித்தது. 2024 சூனில் பார்சிலோனா நகரத் தந்தை சவுமே கொல்போனி, நகரிலுள்ள 10,101 உரிமங்களுள் ஒன்றும் 2028 நவம்பருக்குமேல் நீடிக்காது என்று அறிவித்தார். பத்தாண்டுகளில் குடிக்கூலி 68 விழுக்காடும் வீட்டு விலை 38 விழுக்காடும் ஏறியதை அவர் கரணியமாகக் காட்டினார். ஆணையை எதிர்த்து மக்கள் கட்சி தொடுத்த வழக்கை எசுப்பானிய அரசியலமைப்பு முறைமன்றம் 2025 மார்ச்சில் தள்ளியது.

உரிமையாளர் தரப்பிலும் சொல் உண்டு. சட்டப்படி உரிமம் பெற்றோம், வரி செலுத்தினோம், நகருக்கு வருவாய் தந்தோம். குற்றமிழைத்தோர் உரிமமற்றோரன்றோ என்கின்றனர். அது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. நாட்கூலி மனைகளை ஒழித்தமட்டில் குடிக்கூலி தானே வீழ்ந்துவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. நியூயார்க்கு நகரம் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்த தங்கலுக்குப் பதிவையும், வீட்டார் உடனிருத்தலையும் கட்டாயமாக்கிற்று. குடிக்கூலி அங்கே வீழ்ந்துவிடவில்லை. பார்சிலோனாவிலும் 2024இல் குடிக்கூலிக்கு வரம்பு கட்டியபின், அவ்வரம்பிற்குத் தப்பும்பொருட்டுச் சில திங்களுக்கு மட்டும் விடும் பருவக் குடிக்கூலி பெருகிற்று. ஒரு வாயிலை அடைத்தால் பணம் மறு வாயிலைத் தேடும். ஆகவே, தடையோடு புதிய வீடுகளும் எழ வேண்டும். ஓட்டைகளும் அடைபட வேண்டும். எனினும், தடை முழுத்தீர்வாகாது என்பதனால் அது வேண்டா என்றாகிவிடாது. கட்டி முடித்திருக்கும் பதினாயிரம் வீடுகள் குடியிருப்போருக்குத் திரும்புமாயின், அது சிறு பேறன்று.

பணத்தால் அளக்க இயலாத இழப்பும் ஒன்றுண்டு. பிராங்கோவின் கொடுங்கோன்மையில் பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் துரத்தப்பட்ட காத்தலான் மொழி, வீட்டிலும் தெருவிலுமே உயிர் பிழைத்தது. 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தால் அது ஆட்சிமொழி நிலையை மீண்டும் பெற்றது. சட்டம் மொழிக்கு நாற்காலி தரும். பேச்சைத் தருவோர் குடும்பங்களே. பாட்டியும் பெயரனும், காய்கறி விற்பவளும் வாங்குபவளும் ஓரிடத்தில் நிலைத்து வாழும் தெருவில்தான் மொழி வளரும். மூன்று நாள் தங்கிச் செல்வோன் கதவுப் பூட்டின் எண்ணை மட்டும் கேட்டறிவான்; அண்டை வீட்டானின் பெயரையும் அறியான். குடிகள் பெயர்ந்த தெருவில் மளிகைக்கடை மூடப்பட்டு, பெட்டி வைப்பறையும் நினைவுப்பொருட் கடையும் முளைக்கின்றன. வந்தோர் காண வந்த நகரமே அவர் வருகையால் மறைகின்றது.

மிகைப்பணம் உடையோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் இடுவது குற்றமன்று. புதிய வீட்டைக் கட்டித் திங்கட் குடிக்கூலிக்கு விடுவோன் ஒரு குடும்பத்திற்கு நிழல் தருகின்றான்; அளவான வருவாயும் பெறுகின்றான். இருக்கும் வீட்டினின்று குடியை எழுப்பி நாட்கூலிக்கு விடுவோனோ, அக்குடும்பத்தின் நிழலை எடுத்து விற்கின்றான். இதனை எதிர்த்து நகர மக்கள் 2024 சூலையில் பார்சிலோனாத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் அணிவகுத்தனர். சிலர் சுற்றுலாச் செல்வோர்மேல் விளையாட்டுத் துமுக்கியால் நீர் பீய்ச்சினர். வந்தவர்மேல் நீர் தெளித்தது முறையன்று. ஆனால் அந்நீர் உண்மையில் யாரை நோக்கியது என்பதை வீட்டுக்குரியோர் உணர்தல் வேண்டும். குடிமக்களின் மனக்கசப்பின்மேல் எழுப்பிய வருவாய்க்கு எந்த உரிமத்தாளும் நெடுநாள் காவலாகாது. வீடு முதலில் வாழ்வதற்கு. வருவாய் அதன் பின்னரே.