வயிறு நிறைந்திருக்கும்போதே பேசி முடியுங்கள்!

1869-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கிரீன் ஆற்றில் நான்கு மரப்படகுகள் போய்க்கொண்டிருந்தன. மொத்தம் 10 பேர். தலைவர் ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். அவர் முதல் படகில் போவார். ஆபத்தான இடம் வந்தால் சைகை காட்டுவார். அதைப் பார்த்ததும் பின்னால் வருகிற படகுகள் கரை ஒதுங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

லொடோர் என்ற பள்ளத்தாக்கில் ஆறு பாறைகளுக்கு நடுவே கொட்டிப் பாயும் ஓர் இடம். பவல் கரை ஒதுங்கிவிட்டார். ஆனால், ஒரு படகு மட்டும் ஒதுங்கவில்லை. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதி உடைத்தது. அதிலிருந்த மூன்று பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால், சாப்பாட்டு மூட்டைகள் ஆற்றோடு போய்விட்டன. சைகை சரியான நேரத்தில் காட்டப்பட்டதா, படகில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லையா என்று பின்னாளில் ஆளுக்கொரு பேச்சு.

நல்லவேளை, கிளம்பும்போதே பவல் ஒரு காரியம் செய்திருந்தார். மாவு, பன்றிக்கறி, காபி என்று எல்லாப் பொருளையும் மூன்று பங்காகப் பிரித்து, மூன்று பெரிய படகுகளிலும் ஏற்றியிருந்தார். ஒரு படகு போனாலும் ஏதாவது ஒரு பொருள் அடியோடு இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குதான் குழுவைக் காப்பாற்றியது.

அவர் பயணம் செய்த ஆற்றுவழியின் ஒரு பகுதியில் இன்று பெரிய ஏரி ஒன்று நிற்கிறது. அதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பவல் ஏரி. நண்பர்கள், உறவினர்கள் என்று சேர்ந்து சின்னப் படகுகளில் நான்கைந்து நாள் சுற்றிவர ஆசைப்படுகிறவர்கள் தேடிவரும் இடம் அது. 150 ஆண்டுகளுக்கு முன் அந்த 10 பேர் கற்றுக்கொண்ட பாடம் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பாலைவனத்தில் ஒரு கடல்

அரிசோனா மாநிலத்தின் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே 710 அடி உயரத்தில் நிற்கிறது கிளென் கேன்யன் அணை. 1963-ல் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள். ஏரி முதன்முறையாக நிரம்பியது 1980-ல். அதாவது, நிரம்புவதற்கே 17 ஆண்டுகள்! முழுக் கொள்ளளவு 1,000 டி.எம்.சி-யைத் தாண்டும். நீளம் சுமார் 300 கிலோமீட்டர். பெரும்பகுதி யூட்டா மாநிலத்தில் இருக்கிறது.

இது வட்டமான ஏரி அல்ல. விரல் விரலாகப் பிரிந்து, 90-க்கும் மேற்பட்ட கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் நுழைந்திருக்கிறது. எல்லா வளைவுகளையும் சேர்த்து அளந்தால், ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறைச்சுவர். பல இடங்களில் மணிக்கணக்காகப் படகில் போனாலும் கடை கிடையாது, சாலை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது.

தண்ணீர் மட்டமும் நிலையாக நிற்பதில்லை. நீண்ட வறட்சியால் 2023-ம் ஆண்டின் தொடக்கத்தில், முழு அளவைவிட சுமார் 180 அடி கீழே இறங்கிவிட்டது. பழைய மட்டம் எதுவரை இருந்தது என்பதைப் பாறைகளில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை காட்டிக்கொண்டிருக்கும். மட்டம் இறங்கினால் படகை இறக்கும் சரிவுகள் சில மூடப்படும். கேஸில் ராக் என்ற குன்றுக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. அதில் தண்ணீர் இருந்தால் சுமார் 20 கிலோமீட்டர் மிச்சம். இல்லாவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும். அதனால், போன வருடம் போய்வந்தவர் சொன்ன வழியை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. அந்த வாரத்து நிலவரத்தைத் தேசியப் பூங்கா சேவையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கணக்கு: பெட்ரோல்

பேஜ் ஊருக்கு அருகே உள்ள வாவீப் படகுத்துறையிலிருந்து, யூட்டாவில் உள்ள புல்ஃப்ராக் படகுத்துறைக்குத் தண்ணீர் வழியாக சுமார் 160 கிலோமீட்டர். நடுவே டாங்ளிங் ரோப் என்ற மிதக்கும் நிலையத்தில் பெட்ரோல் கிடைத்துக்கொண்டிருந்தது. 2021-ல் அது மூடப்பட்டது. நடுவழியில் பெட்ரோல் கிடைக்காது என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

அனுபவசாலிகள் ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. எதிர்காற்று அடித்தாலும், வழி தவறினாலும், இன்னொரு படகைக் கட்டி இழுக்க நேர்ந்தாலும் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

உதாரணத்துக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். டாங்கில் 100 லிட்டர். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் ஓடும். மொத்தம் 200 கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய இயற்கைப் பாறை வளைவுகளில் ஒன்றான ரெயின்போ பிரிட்ஜ், வாவீப்பிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். போய்வர 160. '200 இருக்கிறதே, தாராளமாகப் போகலாம்' என்றுதான் தோன்றும். மூன்று பங்குக் கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. 160 கிலோமீட்டருக்கு 80 லிட்டர், கையிருப்புக்கு 40 லிட்டர், ஆக 120 லிட்டர் வேண்டும். இன்னும் ஒரு 20 லிட்டர் கேனை ஏற்றிக்கொண்டால் பயணம் நிம்மதி. ஏற்றாமல் போனால், திரும்பி வரும் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க எல்லோருடைய கண்ணும் பெட்ரோல் முள்ளின் மேல்தான் இருக்கும்.

ஐந்து படகுகள் போகின்றன என்றால், இந்தக் கணக்கை எந்தப் படகுக்குப் போடுவது? டாங்க் சின்னதாக உள்ள படகுக்கு. வேகத்தை எந்தப் படகை வைத்து முடிவு செய்வது? எல்லாவற்றையும்விட மெதுவாக ஓடும் படகை வைத்து. குழுவின் திட்டம் என்பது அதிலுள்ள சின்னப் படகின் திட்டம்தான்.

இரண்டாவது கணக்கு: நேரம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோடைக்காலத்தில் யூட்டா மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடும். பேஜ் இருக்கும் அரிசோனாவில் அந்த வழக்கம் இல்லை. வாவீப்பில் காலை 7 மணி என்றால் புல்ஃப்ராக்கில் 8 மணி. எல்லைக்குப் பக்கத்தில் செல்போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். 'எட்டு மணிக்கு மிதவைக்குப் பக்கத்தில் சந்திப்போம்' என்று சொல்லிவிட்டு, ஒரு படகு ஒரு மணி நேரம் காத்திருந்து கவலைப்பட, இன்னொரு படகு சாவகாசமாக வந்து சேரும். குழு முழுவதும் எந்த மாநிலத்து நேரத்தில் நடக்கப்போகிறது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்திக்கும் இடத்தைக் குறிப்பது சுலபம். ஏரியின் நடுவழி நெடுக, அணையிலிருந்து எத்தனை மைல் என்று எண் போட்ட மிதவைகள் இருக்கின்றன. 'அந்தப் பெரிய சிவப்புப் பாறை' என்று சொல்லக் கூடாது. அங்கே எல்லாப் பாறையும் சிவப்புதான்!

பெரும்பாலும் பிற்பகலில்தான் காற்று எழும். பாறைச்சுவரில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த அலையோடு மோதும். பெரிய படகு வீடுகள் தாங்கிக்கொள்ளும், சின்னப் படகுகள் தத்தளிக்கும். அதனால் அதிகாலையில் கிளம்பி, மதியத்துக்குள் கரை சேர்ந்து கூடாரம் போடுவதுதான் வழக்கம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இடிமழைக் காலம். எங்கோ தூரத்தில் பெய்யும் மழை, வறண்டு கிடக்கும் ஓடையில் திடீர் வெள்ளமாக வரும். ஓடை வாயில் மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே படுக்கக் கூடாது.

எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியவை

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும், ஏரித் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது. சாப்பாடு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி மூன்றையும் ஒரே படகில் அடைக்காமல், பவல் செய்ததுபோல் எல்லாப் படகுகளிலும் பிரித்து வைக்க வேண்டும்.

ஏரிக்கரையில் கூடாரம் போடுகிறவர்கள் கையோடு எடுத்துப்போகும் கழிப்பறைப் பெட்டி வைத்திருப்பது கட்டாயம். அதை எந்தப் படகு சுமப்பது என்பது கடைசி நிமிடம் வரை யாரும் வாய் திறக்காத விஷயம். முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் சின்னப் படகுகளில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொண்டால் பிள்ளைகள் அடம்பிடிக்க மாட்டார்கள்.

எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்பக்கப் படியில் உட்காரவோ, அதன் அருகே நீந்தவோ கூடாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இதே ஏரியில் 2000-ம் ஆண்டில், படகு வீட்டின் பின்னால் நீந்திய இரண்டு சிறுவர்கள் இந்த வாயுவால் இறந்துபோனார்கள். திறந்தவெளிதானே என்ற நினைப்பு அங்கே செல்லாது.

எல்லாப் படகிலும் வி.எச்.எஃப். ரேடியோ இருக்க வேண்டும். அவசரத்துக்கு 16-வது சேனல். அரட்டைக்கு வேறொரு சேனல். பாறைச்சுவர்களுக்கு நடுவே ரேடியோவும் சில சமயம் கைவிடும். அதற்காகத்தான் கண்ணால் பார்க்கும் சைகைகளும் வேண்டும். எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று கரையில் நின்று ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். எந்த வழியில் போகிறோம், எந்த நாளில் திரும்புவோம் என்பதை எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

திரும்பும்போதும் ஒரு கடமை உண்டு. குவாகா என்ற அந்நிய நாட்டுச் சிப்பி இந்த ஏரியில் பரவிவிட்டது. படகைக் கழுவி, தேங்கிய தண்ணீரை வடித்து, நன்றாக உலர்த்தாமல் அடுத்த ஏரியில் இறக்கினால் அந்தச் சிப்பியும் கூடவே குடியேறிவிடும்.

கரையில் நடந்த அந்தப் பேச்சு

பவல் குழுவின் கதைக்குத் திரும்புவோம். 10 மாதத்துக்கென்று எடுத்துப்போன சாப்பாடு, உடைந்த படகோடு போனது பாதி, நனைந்து கெட்டது பாதி என்று மூன்றே மாதத்தில் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. ஒருவர் நடுவழியில் விலகிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் கிராண்ட் கேன்யனில் பயங்கரமான ஒரு நீர்ச்சரிவு குறுக்கிட்டது. போவதா, படகை விட்டுவிட்டு மலையேறுவதா? இரவெல்லாம் பேச்சு. ஆகஸ்ட் 28-ம் தேதி மூன்று பேர் மலையேறிப் போய்விட்டார்கள். அவர்களில் இருவர், உடைந்த அந்தப் படகில் இருந்த அண்ணன் தம்பி. அவர்களுக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. மற்ற ஆறு பேரும் அந்தச் சரிவைத் தாண்டினார்கள். இரண்டே நாளில் பள்ளத்தாக்கின் முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

யார் சொன்னது சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனால், அந்த முடிவை அவர்கள் எடுத்தது எப்போது? மாவு தீர்ந்து, உடம்பு களைத்து, ஒருவர் மேல் ஒருவருக்கு மனக்கசப்பு சேர்ந்த பிறகு. அவர்கள் போனது யாரும் போகாத ஆறு. முன்கூட்டியே எதையும் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை.

இன்று போகிறவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. வரைபடம் இருக்கிறது, மிதவை இருக்கிறது, வானிலை அறிவிப்பு இருக்கிறது. டாங்க் எவ்வளவு குறைந்தால் திரும்புவது, காற்று எவ்வளவு அடித்தால் கிளம்பாமல் இருப்பது, ஒருவர் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றால் என்ன செய்வது? இந்த மூன்று கேள்விக்கும் பதிலை வீட்டுக் கூடத்தில், சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி, ஒரு தாளில் எழுதிவிடலாம்.

அந்தத் தாளில் ஒரு பிரதி எல்லாப் படகிலும் இருக்கட்டும். ஏரியின் நடுவில் காற்று எழும்போது, 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அப்போது யாரும் யாரோடும் சண்டை போட வேண்டாம். தாளை எடுத்துக் காட்டினால் போதும்.