வாடகையில்லாத விடுமுறை

"வாடகையே இல்லை" என்று என் இணையர் எல்லோரிடமும் பெருமைப்பட்டார். மூன்று வாரம் வியன்னாவில் ஒரு குடும்பத்தின் வீட்டில் நாங்கள், லண்டனில் எங்கள் வீட்டில் அவர்கள்.

கிளம்புமுன் நான்கு நாள் ஃபிரிட்ஜைக் கழுவி, அலமாரிகளைக் காலிசெய்து, வாஷிங் மெஷினை ஓட்டும் விதத்தை எழுதி ஒட்டியது நான். அங்கே போனால் அதேபோல் ஒரு தாள், அந்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில். அவளை நான் பார்த்ததே இல்லை. ஒருத்தி அடுப்பை இன்னொருத்தி துடைத்தோம். வாடகை இல்லையாம்! கூலி இல்லை என்று சொல்லுங்கள்.

இதே வியன்னாவில்தான் 1920களில் ஹைம்ஹோஃப் குடியிருப்பைக் கட்டினார்கள். வேலைக்குப் போகும் பெண்களை நினைத்து, வீட்டுக்கு வீடு சமையலறை வைக்காமல் கட்டடம் முழுமைக்கும் ஒன்றே வைத்தார்கள். சமைக்கச் சம்பளத்துக்கு ஆட்கள். 1934இல் சமூக ஜனநாயகவாதிகளை ஒடுக்கிய ஆட்சி வந்தது, அந்தப் பொதுச் சமையலறையும் போயிற்று. கட்டடம் பில்கரிம் தெருவில் இன்னும் நிற்கிறது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் மதியம் நான் சமைக்கவில்லை.

ஊர் திரும்பும் நாள் காலை அவரும் பிள்ளைகளும் கடைசியாக ஒருமுறை ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்துக்குப் போனார்கள். நான் நான்கு படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.