தாதியின் கையைக் கட்டியிருப்பது யார்?

நோயாளிக்கு இட்ட சிறுநீர்க் குழாயைத் தேவை தீர்ந்தவுடன் அகற்றவேண்டும். நாள் கூடக் கூடக் கிருமித்தொற்றும் கூடும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நெறிமுறை 2009இல் இதனை வற்புறுத்திற்று. தாதியும் அறிவாள். எனினும் வைத்தியரின் கட்டளை வரும்வரை குழாய் கிடக்கும், காய்ச்சல் வரும். வெளிநாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில், குறித்த நிலைமைகள் பொருந்தினால் தாதியே அகற்றலாம் என முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் உண்டு. இங்கு மட்டும் என்ன தடை?

அறியாமையன்று, அமைப்பே தடை என்கின்றோம். குளோரின் கலந்த நீரில் கைகழுவினால் பிரசவத் தாய்மாரின் சாவு குறையுமென வியன்னாவில் 1847இல் கணக்கோடு காட்டினார் செம்மல்வைசு என்னும் வைத்தியர். 1849இல் அவருடைய பதவியை நீடிக்க மறுத்தனர்! வைத்தியருக்கே அக்கதியெனின், மட்டக்களப்பு நகருக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே, வாகரை போன்ற ஊரில் இரவுக்கடமை பார்க்கும் தாதி எம்மாத்திரம்? வாய் திறந்தால் அவளுக்குக் கிடைப்பது பாராட்டா, விளக்கம் கோரும் கடிதமா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சுகாதாரத்தை மாகாணத்துக்கும் பகிர்ந்தது. (ஏட்டளவில் நல்ல சட்டந்தான்!) ஆதலின் கிழக்கு மாகாணச் சுகாதார அமைச்சைக் கேட்கின்றோம்: சான்று கண்ட நடைமுறைகளைத் தமிழில் அச்சிட்டு விடுதிதோறும் வையுங்கள், அவற்றைப் படிக்கக் கடமை நேரத்திலேயே வாரம் ஒரு மணி ஒதுக்குங்கள், குழாய் அகற்றும் அதிகாரத்தை எழுத்திலே கொடுங்கள். இதற்குக் கோடிகள் வேண்டா, ஒரு சுற்றுநிருபம் போதும். விதைநெல்லை முளைகட்டிப் பார்த்து விதைக்கும் கமக்காரன், தன் தாயின் கட்டிலருகே மட்டும் “வழமை” என்ற விடையை ஏற்கமாட்டான். பெரும்போக விதைப்புக்கு முன் அமைச்சின் பதில் வரட்டும்.