தலைவர்கள் வந்து போன பின்

மைசூர் மாநிலத் தலைநகர் அல்ல. ஜனத்தொகையில் பெங்களூருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத் தக்கதும் அல்ல. ஆயினும் நாட்டின் பெருந்தலைவர்கள் அடிக்கடி விஜயம் செய்யும் பெருமை இந்நகருக்கு நெடுங்காலமாக உண்டு. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு இங்கு வந்து, அகில இந்தியப் பேச்சு - செவித்திறன் நிலையத்தின் வைர விழாவில் கலந்துகொண்டார். அந்நிலையத்துக்கு 1966 ஜூலை 25ஆம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டியவரும் ஒரு ஜனாதிபதியே. அவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அன்று நாட்டிய கல் வீண்போகவில்லை. காது கேளாத, பேச்சு வராத குழந்தைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து மாநிலங்களிலிருந்தும் பெற்றோர்கள் இன்று அங்கே வருகிறார்கள். தலைவர்களின் விஜயத்தால் ஒரு நகருக்குக் கிட்டக்கூடிய நன்மைக்கு இது நல்ல உதாரணம்.

மன்னர் காலத்தில் பிரமுகர்கள் அரண்மனைக்கு விருந்தினராக வந்தார்கள். 1902 ஆகஸ்டில் வைசிராய் கர்சன் பிரபு வந்து, ஜகன்மோகன் அரண்மனையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆட்சி அதிகாரம் அளித்தார். வைசிராய்கள் தங்குவதற்கென்றே 1921இல் லலித மஹாலுக்கு அடிக்கல் இடப்பட்டது. சாமானிய மக்களுக்குத் தெருவோரம் நின்று ஊர்வலம் பார்க்கும் பாத்தியதை மட்டுமே இருந்தது.

அதே 1921இல் மைசூர் வேறொரு காட்சியையும் கண்டது. திருத்தணியில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் மூன்றாண்டுகள் தத்துவம் போதித்த ராதாகிருஷ்ணன் கல்கத்தா சர்வகலாசாலைக்குப் புறப்பட்டார். மாணவர்கள் அவரை மலர்களால் அலங்கரித்த வண்டியில் அமர்த்தித் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். அன்று அவருக்குப் பதவிப் பகட்டு ஏதுமில்லை. எந்த அதிகாரியும் கூட்டம் சேர்க்கவில்லை.

மகாத்மா காந்தி 1927இல் இந்தச் சமஸ்தானத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது, நஞ்சன்கூடு அருகிலுள்ள பதனவாளு கிராமத்துக் கதர் மையத்துக்குச் சென்றார். அக்கிராமத்திலேயே 1993இல் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. தலித் மக்களின் குடியிருப்பையும் லிங்காயத்துகளின் குடியிருப்பையும் இணைத்த பாதை அதன்பின் புழக்கமற்றுப் போயிற்று. 2022 அக்டோபர் 2ஆம் தேதி நடைப்பயணமாக வந்த ராகுல் காந்தியின் முன்னிலையில் அப்பாதை மீண்டும் திறக்கப்பட்டது. கட்சி அபிமானத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இதுவும் பாராட்டத்தக்க காரியமே.

பிரதமர் நரேந்திர மோடி 2016 ஜனவரியில் விஞ்ஞான மாநாட்டைத் தொடங்கிவைத்தார். 2022 ஜூன் 21ஆம் தேதி அரண்மனை வளாகத்தில் யோகா தினத்துக்கும், 2023 ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டப் பொன்விழாவுக்கும் வந்தார். 2018 பிப்ரவரி 19ஆம் தேதி அவர் நாட்டுக்கு அர்ப்பணித்த மைசூர் - பெங்களூர் மின்ரயில் பாதை, அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்புவோருக்குக் கைகண்ட உபகாரம். 2022 ஜூன் 20ஆம் தேதி நாகனஹள்ளி ரயில்வே வளாகத்துக்கும் அவரே அடிக்கல் நாட்டினார். அதன் மதிப்பீடு 480 கோடி ரூபாய்க்கும் மேல் என்று அரசு அறிவித்தது.

இங்கேதான் நாம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். ஒரு திட்டத்துக்குக் கல் நாட்டும் நாளில் எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வருகிறது. அதன்பின் வேலை எந்த மட்டில் இருக்கிறது, எவ்வளவு செலவாயிற்று, எப்போது முடியும் என்பதைச் சாதாரணக் குடிமகன் யாரிடம் போய்க் கேட்பான்? மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

தலைவர்கள் வருகிறார்கள் என்றதும் அவர்கள் கார் செல்லும் சாலைக்கு ஒரே இரவில் தார் விழுகிறது. எரியாத விளக்குகள் எரிகின்றன. அடுத்த சந்தில் உள்ள பள்ளம் அப்படியே இருக்கிறது. நடைபாதையில் பூவும் பழமும் விற்பவர்கள் கடையை மூட்டை கட்ட வேண்டியதாகிறது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உலை வைக்கும் குடும்பத்துக்கு இரண்டு நாள் வியாபாரம் போவது சிறிய நஷ்டமல்ல. பாதுகாப்பு அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. அதன் பாரம் முழுவதும் ஏழையின் தலையிலேயே விழுவதுதான் நியாயமில்லை என்கிறோம்.

ஆகவே மாநகராட்சியும் ஜில்லா நிர்வாகமும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். மைசூரில் தலைவர்கள் அடிக்கல் நாட்டிய திட்டங்களின் பெயர், தேதி, மதிப்பீடு, இன்றைய நிலை ஆகியவற்றை எழுதி, மாநகராட்சி வாசலில் எல்லோரும் படிக்கும்படி ஒரு பலகை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். விஜயத்தின்போது கடைகளை அகற்ற நேர்ந்தால், முன்கூட்டியே தெரிவித்து மாற்று இடம் தர வேண்டும். பலகை எழுதப் பெரும் செலவாகாது. மாற்று இடம் தருவதற்கும் மனம்தான் வேண்டும்.

தலைமுறைகளாக இந்நகரில் வாழ்ந்து, இங்கேயே உழைத்து வரி செலுத்தும் தமிழ் மக்களும் கன்னடச் சகோதரர்களுடன் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். வரும் தலைவர்களை மாலை போட்டு வரவேற்போம். அவர்கள் சொல்லிவிட்டுப் போனதை நினைவில் வைத்துக் கேட்டு வாங்குவதும் நம் கடமையே ஆகும்.