பலகையில் எழுதாத பெயர்



போன மாதம் ஊரில் ஒரு கலியாண வீடு. சஹன் சாப்பாடு. பின்வளவில் நான்கு கிடாரம் அடுப்பில் ஏறியிருந்தது. விறகுக்கு யாரோ கழற்றிப் போட்ட வேலித் தூண்களைத் தறித்து அடுக்கியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் மெல்லிய பச்சை நிறம். "இது என்ன மரம்?" என்று கேட்டேன். "காய்ஞ்ச மரம் சேர், நல்லா எரியும்" என்றார் சமையல்காரர்.

அந்தப் பச்சை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மண்ணில் நடும் மரம் உக்காமல் இருக்க செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை அமுக்கம் கொடுத்து உள்ளே ஏற்றும் முறை ஒன்று உலகத்தில் பல காலமாக இருக்கிறது. செம்பு பூஞ்சையைப் பார்த்துக்கொள்ளும். கறையானையும் செம்புக்கு அடங்காத பூஞ்சையையும் ஆசனிக் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் மரத்தோடு பிடித்து வைப்பது குரோமியம். புதிதில் பச்சையாக இருக்கும், வெயில்பட்டுச் சாம்பல் நிறமாகும். பல பத்தாண்டுகள் நிற்கும். நல்ல சரக்குத்தான், எரிக்காத வரைக்கும். எரித்தால் ஆசனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் கிடக்கும். நெருப்பு மரத்தைத்தான் அழிக்கும், மூலகத்தை அழிக்காது. இது தரம் 10 பிள்ளைக்கே தெரிந்த விசயம்.

ஆனால் ஆசனிக்கை நாங்கள் எப்படிப் படிப்பிக்கிறோம்? அணுவெண் 33, 15ஆம் கூட்டம், உலோகப்போலி. சூடாக்கினால் உருகாமல் சுமார் 615 பாகை செல்சியசில் பதங்கமாகும். அதன் ஒட்சைட்டு வெள்ளைத் தூள், ருசியில்லை, அதனால் அந்தக் காலத்தில் அரசர்களுக்கு நஞ்சு வைக்கப் பாவித்தார்கள். பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள், மணி அடிக்கும். நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கதையால் ஆசனிக் என்றால் எதிரி கொண்டுவந்து வைக்கும் சாமான் என்று பிள்ளை நினைக்கிறது. உண்மையில் அதைப் பொருளுக்குள் வைப்பவன் உற்பத்தியாளன். நன்றாக வேலை செய்வதால்தான் வைக்கிறான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சுவர்க்கடதாசிக்கும் சட்டைத் துணிக்கும் பூசிய அழகான பச்சைச் சாயம் ஆசனிக் சேர்வைதான். வாங்கியவர்களுக்கு நிறம் தெரிந்தது, உள்ளே இருந்தது தெரியவில்லை.

அட்டவணையில் பொசுபரசுக்கு நேர் கீழே அது இருப்பதும் சும்மா இல்லை. ஆசனேற்று, பொசுபேற்றைப் போலவே இருப்பதால் உடற்கலம் ஏமாந்து உள்ளே எடுத்துவிடும். கூட்டம் 15 பாடத்தில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அப்படியென்றால் முழுதாகத் தடை செய்யலாமே என்று சிலர் எழுதுவீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் இதை வாசிக்கும் போனில் சமிக்ஞையைப் பெருக்கும் சின்னப் பகுதி பெரும்பாலும் கல்லியம் ஆசனைட்டு. வாகன பற்றரியின் ஈயத் தகட்டை உறுதியாக்க ஒரு சிறு அளவு ஆசனிக் சேர்ப்பதுண்டு. அதே வெள்ளைத் தூள், 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அங்கே வீட்டுப் பாவனை மரத்திலிருந்து 2003 முடிவோடு ஆசனிக்கை விலக்கினார்கள், ஆனால் மின்கம்பம் போன்றவற்றுக்கு விட்டுவைத்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

நான் கேட்பது பெயரை எழுதுங்கள் என்பது மட்டும்தான். பங்களாதேஷில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆசனிக் கலந்திருக்கிறது. சோதித்த குழாய்க்கிணறுகளில் அளவு கூடியதற்குச் சிவப்பும் குறைந்ததற்குப் பச்சையும் பூசினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் எந்தக் கிணற்றில் குடம் வைப்பது என்று விளங்கியது. ஒரு பெயின்ட் வாளி செய்த வேலை.

அந்தக் கலியாண வீட்டு மரம் ஆசனிக் ஏற்றியதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். செம்பு மட்டும் ஏற்றிய மரமும் பச்சைதான். தூணில் ஒரு எழுத்தும் இல்லை, நான் எப்படிச் சொல்வது? சந்தோசமான இடத்தில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு சஹனில் உட்கார்ந்தேன். அடுத்த நாள் அந்தப் பக்கம் போனபோது அடுப்புச் சாம்பலை ஒருவர் கீரைப் பாத்திக்கு அள்ளிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னேன். பாதிச் சாம்பல் ஏற்கெனவே பாத்தியில்.

ஹார்ட்வெயார், மரக்காலை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் இதைப் பார்த்தால், நீங்கள் விற்கும் பதனிட்ட தூணுக்குள் என்ன ஏற்றியிருக்கிறது என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள்.