சொந்தத் தபாலாபீஸ்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து நம் பழைய மாணாக்கர் ஒருவர் கடலூருக்கு வந்திருந்தார். அங்கே சிறிய அச்சுக்கூடம் நடத்துகிறவர். "சார், இனிமேல் என் மின்னஞ்சலுக்கு நானே வீட்டில் சர்வர் வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றார்.

காரணம் கேட்டோம். ஒரு பெரிய கம்பெனி இலவசமாய்க் கொடுத்திருந்த கணக்கு, ஒருநாள் காலை பூட்டிக் கிடந்ததாம். ஐந்து வருஷத்துக் கடிதங்களும் வாடிக்கைக்காரர் விலாசங்களும் உள்ளே. முறையிடலாம் என்றால், கேட்பதற்கு மனிதரே இல்லை!

அவருடைய கோபம் நியாயமானதே. 2025 ஜூலையில், குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி என்ற இந்தியக் கம்பெனிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. நம் அரசாங்கம் அத்தடையை ஏற்கவில்லை. ஆயினும் மைக்ரோஸாப்ட் அதன் மின்னஞ்சல் சேவையை நிறுத்திவிட்டது. கம்பெனி டில்லி ஹைக்கோர்ட்டை நாடிய பிறகே சேவை திரும்பிற்று. கடிதப் பெட்டியின் சாவி அயலான் கையில் இருந்தால் இதுதான் கதி.

அப்படியானால் சொந்த சர்வர் வைத்துவிடலாமா? இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தை வாங்கிக்கொள்வது எளிது. அனுப்புவதுதான் பிரம்மப் பிரயத்தனம். வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சர்வர்கள் சந்தேகத்துடனேயே பார்க்கும். கடிதம் புறப்பட வேண்டிய 25-ஆம் எண் வாசலையே பல இணையக் கம்பெனிகள் வீடுகளுக்கு அடைத்து வைத்திருக்கின்றன. எஸ்.பி.எப்., டி.கிம், டிமார்க் என்ற மூன்று முத்திரைகளையும் பிழையின்றிக் குத்தினாலும், கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழலாம். விழுந்த சேதியும் நமக்கு எட்டாது.

புதுச்சேரியிலிருந்து பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். பத்திரிகை நம்மவருடையது, தபால் பிரிட்டிஷாருடையது. தங்கள் எல்லைக்குள் அது வராமல் அவர்கள் தடுத்ததும், 1910-ல் பத்திரிகை நின்றது. எழுதுகிறவன் சுதந்தரன் ஆனால் போதாது. வாங்குகிற ஊரும் கதவைத் திறக்க வேண்டும்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் அடித்தபோது, நம் ஜில்லாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வெளியூர் சர்வர் சாதாரணமாக நாலைந்து நாள் நம் கதவைத் தட்டிப் பார்க்கும். பிறகு கடிதத்தைத் திருப்பிவிடும். நள்ளிரவில் யந்திரம் படுத்துக்கொண்டால் எழுந்து பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஆகவே நாம் சொன்ன யோசனை இது: "தம்பி, பெயர் உம்முடையதாய் இருக்கட்டும், பெட்டியை வாடகைக்கு எடும்." சொந்த டொமைன் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, பணம் வாங்கிப் பொறுப்பேற்கும் கம்பெனியிடம் அதை ஒப்படைக்கலாம். நம் தமிழ்நாட்டு ஜோஹோவே இருக்கிறது; மத்திய அரசாங்க ஊழியர்களின் மின்னஞ்சலே அதன் ஏற்பாட்டில் நடக்கிறது. வாரம் ஒரு முறை எல்லாக் கடிதங்களுக்கும் வீட்டில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நாளை வாடகைக்காரரோடு மனஸ்தாபம் வந்தால், விலாசம் மாறாமலே வேறிடம் போய்விடலாம்.

"இது முழுச் சுதந்தரம் இல்லையே, சார்?" என்றார்.

இல்லைதான். டொமைனுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தவணை தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம். ஆனால் கடிதங்கள் போகா, வாடிக்கைக்காரரும் போகார். அச்சுக்கூடக்காரருக்கு அது போதாதா?

அரைமனதாய் ஒப்புக்கொண்டு மாலை பஸ்ஸில் புறப்பட்டார். புதன்கிழமை புது விலாசத்திலிருந்து அவருடைய முதற் கடிதம் வந்தது. எங்கே என்கிறீர்களா? நம் ஸ்பாம் பெட்டியில்! புதுப் பெயர் ஊருக்குப் பழகச் சில நாள் பிடிக்கும் போலும். நாமே வெளியே எடுத்துப் படித்து, பதில் போட்டோம்.