கோட்டையோடு நின்றுவிடும் கூட்டாட்சி

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் பொதுப்பாடம் இரண்டாம் தாளுக்கான பாடத்திட்டத்தில் ஒரு வரி உண்டு. மத்திய, மாநில அரசுகளின் பணிகளும் பொறுப்புகளும், கூட்டாட்சி அமைப்பின் சிக்கல்கள், உள்ளாட்சி மட்டம் வரை அதிகாரத்தையும் நிதியையும் பகிர்ந்தளித்தல், அதில் உள்ள சவால்கள் என எல்லாம் அந்த ஒரே வரிக்குள் வந்துவிடுகின்றன. பயிற்சி வகுப்புக்குப் போனதும் அந்த வரி இரண்டாக உடைகிறது. ஆளுநர், மசோதா, ஒப்புதல் பற்றிய பிரிவு 200 எல்லாம் நடப்பு நிகழ்வுகள். அவற்றுக்குத் தனிக் குறிப்பேடு, வாராந்திர மாதிரித் தேர்வு. உள்ளாட்சியோ லட்சுமிகாந்த் எழுதிய அரசியலமைப்புப் பாடநூலில் பிரிவு எண்களை உருப்போட்டு முடிக்கும் அத்தியாயம்.

சென்னை முகப்பேரிலிருந்து அண்ணா நகரின் பயிற்சி மையங்களுக்கும் வாசிப்பு அறைகளுக்கும் தினமும் போய்வரும் தேர்வர்களுக்கு இது பெரிய இழப்பு. அந்த வரியின் இரண்டு பாதியும் கடந்த பத்தாண்டுகளில் அவர்களுடைய மாநிலத்திலேயே மோதியிருக்கின்றன. இரண்டாவது பாதி அவர்களுடைய வார்டிலேயே நடந்திருக்கிறது.

முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். 2020-க்கும் 2023-க்கும் இடையில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ராஜ்பவனில் தேங்கிக் கிடந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். ஐந்தே நாளில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. அதே மாதம் 28-ஆம் தேதி அவை குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த நடவடிக்கையைச் செல்லாததாக்கி, பிரிவு 142-இன் கீழ் 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடுவும் விதித்தது. பிறகு குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் 14 கேள்விகளை எழுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வதற்கு அரசியலமைப்பில் இடமில்லை. அதே நேரத்தில், விளக்கம் ஏதும் இல்லாமல் காலவரையின்றி மசோதாவைக் கிடப்பில் போட்டால், ஏதாவது ஒரு முடிவை எடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம்.

இந்த வழக்கில் தமிழகம் முன்வைத்த வாதம் நேர்மையானது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் எடுத்த முடிவை, மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் காலம் கடத்தியே செல்லாக்காசாக்கிவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பிரிவு 200-இல் நாள் கணக்கு எதுவும் இல்லாதபோதும், தாமதத்துக்கு ஓர் எல்லை இருந்தாக வேண்டும் என்று மாநிலம் போராடியது.

இனி அதே அரசியலமைப்பில் நாள் கணக்கு தெளிவாக எழுதப்பட்டிருக்கும் ஓர் இடத்துக்கு வருவோம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் சேர்த்த பிரிவு 243-யு, நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை என்கிறது. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. இங்கே ‘நியாயமான காலம்’ எது என்று விவாதிக்க ஒன்றுமே இல்லை.

முகப்பேர் 2011 வரை அம்பத்தூர் நகராட்சியில் இருந்தது. அந்த ஆண்டு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர் ஏழாவது மண்டலமானது. 79 முதல் 93 வரையிலான வார்டுகள் அதற்குள் வந்தன. பெரிய மாநகராட்சியில் சேர்ந்தால் சாலையும் வடிகாலும் வரும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24 அன்று முடிந்தது. அடுத்த மாமன்ற உறுப்பினர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2 அன்று. இடையில் ஓடியது ஐந்தாண்டும் நான்கு மாதமும். ஒரு மாமன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்ட காலம் சென்னைக்கு மாமன்றமே இல்லை.

இது எப்படி நடந்தது என்பதைத் தேர்வர்கள் வரிசையாகப் படிக்க வேண்டும். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. வழக்குத் தொடர்ந்தது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்து, டிசம்பர் 31-க்குள் தேர்தலை முடிக்கச் சொன்னது. முடியவில்லை. 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு, நவம்பர் 17-க்குள் முடிக்க வேண்டும் என்று மீண்டும் கெடு வைத்தது. அதுவும் போனது. அ.தி.மு.க. அரசு வார்டு மறுவரையறையைக் காரணம் காட்டியது. மன்றங்களுக்குப் பதிலாக இருந்த தனி அலுவலர்களின் பதவிக்காலத்தைச் சட்டத் திருத்தங்களால் நீட்டித்துக்கொண்டே போனது. ஊரக உள்ளாட்சிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், மீதமிருந்த ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன.

அந்த இடைவெளியில் என்னென்ன நடந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் சொத்துவரி உயர்த்தப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. வரியை விவாதிக்கவோ எதிர்க்கவோ மாமன்றத்தில் ஒருவர்கூட இல்லை. கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை இரண்டும் வந்து போயின. 2021 நவம்பர் மழையில் நகரம் மூழ்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற குடும்பம் ‘எங்க கவுன்சிலர் எங்கே?’ என்று திட்டக்கூட வழியில்லை. அப்படி ஒருவரே கிடையாது.

அப்போது மாமன்றத்தின் இடத்தில் இருந்தவர் ‘தனி அலுவலர்’. சென்னையில் அந்தப் பொறுப்பை மாநகராட்சி ஆணையரே வகித்தார். அதாவது, ஆணையராக ஒரு திட்டத்தை முன்மொழிபவரும், மாமன்றத்தின் இடத்தில் இருந்து அதற்குத் தீர்மானம் நிறைவேற்றுபவரும் ஒரே அதிகாரி. அவர் எவ்வளவு திறமையானவராக, நேர்மையானவராக இருந்தாலும், கேள்வி கேட்க எதிரே ஒரு நாற்காலி இல்லை. முகப்பேரில் விடிய விடிய விளக்கெரியப் படிக்கும் இளைஞர்களில் ஐ.ஏ.எஸ். ஆகப் போகிறவர்கள் இந்த இடத்தை நன்றாகப் படிக்க வேண்டும். நாளை அந்தத் தனி அலுவலர் நாற்காலி அவர்களுக்கே வரலாம்.

சென்னைக்கு இது புதிதல்ல என்பது இன்னும் வருத்தமானது. 1688-இல் தொடங்கிய இந்த மாநகராட்சியின் மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல்தான். 23 ஆண்டுகள், அரசுகள் மாறி மாறி வந்தும், அதிகாரிகளே நகரை நடத்தினார்கள். இப்படிப்பட்ட அனுபவங்கள் நாடு முழுவதும் இருந்ததால்தான் ஐந்தாண்டுக் கணக்கை மாநிலச் சட்டத்தின் தயவில் விடாமல் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். எழுதிய பிறகும் இப்படி.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களை நியமிக்க அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. இம்முறை ஆட்சியில் இருந்தது தி.மு.க. சொல்லப்பட்ட காரணமும் பழையதுதான்: எல்லை மாற்றம், மறுவரையறை. ராஜ்பவனில் மசோதாக்கள் தேங்கியதை எதிர்த்து 2025 ஏப்ரலில் வென்ற அதே அரசு, அதற்கு மூன்று மாதம் முன்பு ஊராட்சித் தலைவர்களின் நாற்காலியைக் காலியாக விட்டிருந்தது.

மாநில அரசு சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆளுநர் நியமிக்கப்படுபவர், மாநில அரசு தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு தாமதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2016 தேர்தலை நிறுத்தியதும் நீதிமன்றமே. புதிய மாவட்டங்கள் பிறக்கின்றன, ஊராட்சிகள் நகராட்சிகளோடு இணைகின்றன. எல்லைகளை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், பதவிக்காலம் எந்த நாளில் முடியும் என்பது ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், மறுவரையறை முடியவில்லை என்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. மத்தியப் பிரதேச வழக்குதான் என்றாலும், எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

தேர்தல் நடந்த பிறகும் மாமன்றத்தின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. முகப்பேரில் ஒரு மழை நாளில் தெருவில் தண்ணீர் தேங்கினால், அது மழைநீர் வடிகால் அடைத்ததா, பாதாளச் சாக்கடை பொங்கியதா என்பதை முதலில் குடியிருப்பவரே துப்பறிய வேண்டும். வடிகால் என்றால் மாநகராட்சி, புகார் எண் 1913. சாக்கடை என்றால் மெட்ரோ வாட்டர் என்னும் குடிநீர் வாரியம், புகார் எண் 1916. ஏரியின் உபரிநீர் என்றால் நீர்வளத் துறை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுபவர் ஒருவர், பள்ளத்தை மூடித் தார் போட வேண்டியவர் வேறொருவர்.

12-ஆவது அட்டவணையில் உள்ள 18 பணிகளைத் தேர்வர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு தங்கள் பகுதியைச் சுற்றிப் பார்த்தால் படம் மாறிவிடும். முதலில் இருப்பது நகரத் திட்டமிடல். அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) கையில். ஐந்தாவது குடிநீர், 1978-இல் சட்டம் மூலம் அமைந்த குடிநீர் வாரியத்திடம். ஏழாவது தீயணைப்பு, மாநிலத் துறையிடம். முகப்பேரில் ‘ஏரி ஸ்கீம்’ என்ற பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதியே இருக்கிறது. அங்கே வீடு வரலாமா, தண்ணீர் எங்கே போகும் என்று அப்பகுதி மக்களின் மன்றம் எதுவும் கூடி முடிவு செய்யவில்லை. அது வீட்டுவசதி வாரியத்தின் திட்டம். இப்படி நடக்க அரசியலமைப்பே வழிவிட்டிருக்கிறது. பிரிவு 243-டபிள்யூ இந்த அதிகாரங்களை மாநிலம் ‘வழங்கலாம்’ என்கிறது. வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவின் கதையும் இதேதான். அதற்கான சட்டத் திருத்தம் 2010-இல் வந்தது. விதிகள் வெளியானது 2022-இல். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சட்டம் விதி இல்லாமல் கிடந்தது. முதல் பகுதி சபாக்கள் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில் கூடின. முகப்பேரில் வசிக்கும் தேர்வர் ஒருவர் தன் வார்டின் பகுதி சபாவில் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால், விடைத்தாளில் எழுதுவதற்கு எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாத விஷயம் கிடைக்கும். யார் என்ன கேட்டார்கள், அதிகாரி எதற்கு ‘அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை’ என்றார், அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வி என்ன ஆனது என்று.

உள்ளாட்சி பற்றிய கட்டுரை என்றால் தேர்வர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை எழுதுவார்கள். தகுதிகளை, தகுதியின்மைகளை அடுக்குவார்கள். வாரிய உறுப்பினர்களின் பதவிக்காலம் 360 நாள் என்று அதில் வெட்டியிருப்பதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் 2016-க்கும் 2022-க்கும் வரட்டும். பிரிவு 200 பற்றிய விடையிலும் 243-யு-வைக் கொண்டுவரட்டும்.

சென்னையின் இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வார்டு எல்லைகள், சுழற்சி முறை இடஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் எல்லாம் தயாராக வேண்டும். வாக்காளர் பட்டியலும் தேர்தல் நடத்துவதும் பிரிவு 243-இசட்ஏ-வின்படி மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. மறுவரையறைதான் ஒவ்வொரு முறையும் இழுபறியாகிறது. பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே எல்லைகளை முடக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் எந்த மாற்றமும் அடுத்த தேர்தலுக்குத்தான் பொருந்தும் என்று சட்டம் கொண்டுவர வேண்டும். மறுவரையறை அதிகாரத்தையும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமே ஒப்படைக்க வேண்டும். இதற்கு டெல்லியின் அனுமதியும் வேண்டாம், அரசியலமைப்புத் திருத்தமும் வேண்டாம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கோட்டையில் இருக்கும் சட்டமன்றமே ஒரு மசோதாவில் செய்து முடிக்கலாம்.